தம்பியைத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் தம்பிக்குக் கணித ஆசிரியர் இல்லை, மீன்பிடி விசைப்படகில் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்கிறீர்கள். இப்போது டி.சி. வாங்கினால், பொறியியல், மீன்வளப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு கைவிட்டுப் போகும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

அவன் சோம்பேறி அல்ல. பாடம் நடக்காத வகுப்பையும் கையில் விழும் காசையும் எடைபோட்டிருக்கிறான். பதினாறு வயதில் நானும் அப்படித்தான் போட்டேன்.

வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அங்கே விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கிளம்பும். மறுநாள் காலைதான் கரை. அந்த நாட்களை ஒட்டி மட்டும் விடுப்பு என்றால் காரணம் பணம். விசைப்படகு கிளம்பாத, நாட்டுப்படகுகளுக்கான நாட்களிலும் பள்ளிக்கு வரவில்லையென்றால் கணக்குப் பயம். மாலையில் சொல்லித்தர ஒரு கல்லூரிப் பிள்ளையைப் பிடியுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் பள்ளிக்குத் திரும்பிவிடுவான் என்று நம்பாதீர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பெரும்பகுதி கோடை விடுமுறையிலேயே கழிந்துவிடும்.

ஒன்று: வீட்டில் யாராவது படகுக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் இதெல்லாம் பலிக்காது. முதலில் அந்தக் கடனைப் பேசுங்கள்.