ஆரஞ்சு நிறத்தில் நின்றுவிட்ட கூந்தல்

கேள்வி: என் கருங்கூந்தலைப் பொன்னிறமாக்க ப்ளீச் செய்துகொண்டேன். ஆரஞ்சு நிறத்தில் நின்றுவிட்டது. இந்த வாரமே இன்னொரு முறை செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆனால் ஈர முடியை இழுத்தால் ரப்பர் போல நீள்கிறது. செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், சகோதரி. நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடி ரப்பராக நீள்கிறது என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

முடியின் வெளிப்புறம் முழுக்க நுண்ணிய செதில்கள். நிறம் தரும் மெலனின் அவற்றுக்கு உள்ளே, கெரட்டின் புரத இழைகளுக்கு நடுவே இருக்கிறது. ப்ளீச் கலவையிலுள்ள காரம் முடியை உப்பவைத்துச் செதில்களைத் தூக்கிவிடும். அந்த வழியாக ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே புகுந்து, பெர்சல்பேட் உப்புகளின் துணையோடு மெலனினைச் சிதைக்கும். கருமை முதலில் போய்விடும். செம்மஞ்சள் சாயல் லேசில் போகாது. கருங்கூந்தல் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வெளுக்கும். உங்கள் முடி பாதி வழியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பெராக்சைடு மெலனினோடு நிற்பதில்லை. கெரட்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளையும் அறுத்து, திரும்ப இணைய முடியாதபடி மாற்றிவிடுகிறது. ஈரத்தில் முடி நீள்வது அதனால்தான். செதிலின் மேலிருந்த மெல்லிய கொழுப்புப் படலமும் போய்விடுவதால், முடி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு காய மறுக்கும், சிக்கு விழும். இந்த நிலையில் மறுபடியும் ப்ளீச் செய்தால் சீப்பில் துண்டு துண்டாக வரும்.

ஆரஞ்சு உறுத்தினால், பெராக்சைடு இல்லாத நீலச் சாயல் ஷாம்பு அதை ஓரளவு தணிக்கும். ஒவ்வொரு முறை அலசிய பிறகும் கண்டிஷனர் போடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். அயர்ன் செய்வதை நிறுத்துங்கள். இவை முடியைக் காப்பாற்றுமே தவிர, பழைய நிலைக்குக் கொண்டுவராது. 'ஒரே வாரத்தில் சீராகும்' என்று விற்கப்படும் எதையும் நம்பாதீர்கள். வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளாது. வேரிலிருந்து மாதம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும் புது முடிதான் உங்கள் பழைய கூந்தல். சேதமான நுனியை அவ்வப்போது வெட்டிக்கொண்டே வாருங்கள்.

ப்ளீச் போட்டபோது உச்சந்தலையில் எரிச்சலோ கொப்புளமோ, மூச்சிரைப்போ இருந்ததா? நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால், பெர்சல்பேட் உங்களுக்கு ஒவ்வாமல் போயிருக்கக்கூடும். தோல் மருத்துவரைப் பார்க்காமல் அந்தக் கலவையை மறுபடி தலைக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.