லேசர் பேனா 22 காட்டினால் பல்லை அடைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: என் 9 வயது மகளின் கடைவாய்ப்பல்லில் குழி எதுவும் தெரியவில்லை. லேசர் பேனா வைத்துப் பார்த்த பல் டாக்டர், "22 காட்டுகிறது, ஆரம்பச் சொத்தை, அடைத்துவிடலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த ஓர் எண்ணை நம்பிப் பல்லைக் குடைய வேண்டாம். டயக்னோடென்ட் வகைப் பேனா 655 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பல்லுக்குள் செலுத்தும். கிருமிகள் விட்டுவைத்த போர்ஃபைரின் அதில் ஒளிரும். அந்த ஒளிர்வுதான் 0 முதல் 99 வரை எண்ணாக வருகிறது. பற்காரை, கறை, பல்லின் கடிக்கும் பரப்பிலுள்ள பள்ளத்தில் தங்கிய பாலிஷ் பேஸ்ட் எல்லாமே எண்ணை ஏற்றிவிடும்.

அதனால் பள்ளத்தைப் பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு சுத்தம் செய்து, காற்றடித்து உலர்த்திய பிறகு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முதலில் பேனாவைப் பீங்கான் வில்லையில் சரிபார்க்க வேண்டும். பிறகு அதே பல்லின் வழவழப்பான, சொத்தையில்லாத இடத்தில் வைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். அடுத்து முனையைப் பள்ளத்தில் வைத்து, எல்லாப் பக்கமும் சாய்த்துத் திருப்பி, வரும் உச்ச எண்ணைக் குறிக்க வேண்டும். ஈரப் பல்லும் உலர்ந்த பல்லும் ஒரே எண்ணைத் தராது.

ஆனாலும் சொத்தை இப்போது வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை ஒரு தடவை அளந்து சொல்லிவிட முடியாது. அதற்குக் கண்தான் முதல் துணை. சொத்தை தொடங்கிய எனாமலின் (பல்லின் கடினமான மேல் ஓடு) நுண்துளைகளில் தண்ணீர் இருக்கும்வரை ஒளி ஓரளவு ஊடுருவிப் போகும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, எனாமலுடையது 1.62. ஐந்து விநாடி காற்றடித்ததும் துளைகளில் காற்று (1.0) நிறையும். எண்களின் வித்தியாசம் கூடுவதால் ஒளி அதிகம் சிதறும், சொத்தை தொடங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். உலர்த்தினால் மட்டும் தெரிகிற புள்ளி மேலோட்டமானது. ஈரத்திலேயே தெரிந்தால் ஆழமானது. சுண்ணாம்பு போல மங்கி, சொரசொரவென்று இருந்தால் வளர்கிற சொத்தை. பளபளத்து வழுக்கினால் நின்றுபோனது. உருண்டை முனைக் கருவியால் மெல்லத் தடவிப் பார்த்தால் போதும். கூர்முனையால் குத்தினால் மேல்படலம் உடைந்து, அதுவே குழியாகிவிடலாம்.

வளர்கிறது என்று தெரிந்தால் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம். பள்ளம் ஆழமாக இருந்தால் சீலன்ட் (பள்ளத்தை மூடும் மெல்லிய பூச்சு) போடுவதே என் தேர்வு. வார்னிஷ் மட்டும் என்றால் மூன்று மாதம் கழித்து, அடுத்த பூச்சுக்கு முன்பே, அதே பேனா, அதே முனை, அதே உலர்த்தும் நேரம் வைத்து அளக்கட்டும். இரண்டு மூன்று எண் கூடுவதைப் பொருட்படுத்த வேண்டாம். எண் 30-ஐத் தாண்டி, எனாமலுக்கு அடியில் சாம்பல் நிழலும் தெரிந்தால் பைட்விங் எக்ஸ்ரே (கடித்துப் பிடித்தபடி எடுக்கும் பல் எக்ஸ்ரே) எடுங்கள். சொத்தை டென்டினுக்குள் (எனாமலுக்கு அடியிலுள்ள பல் அடுக்கு) இறங்கியிருப்பது அதில் தெரிந்தால் அடைப்பதைப் பற்றிப் பேசலாம்.