ஜெர்மானியத் துணையிடம் குடிபெயர்வோருக்கு: கேள்வி பதில்

ஜெர்மானியரை மணந்து அங்கே குடியேறவிருக்கும் தமிழகத்து வாசகர்களின் கேள்விகளுக்கு, அதே வழியில் சென்று அங்கே வாழ்பவரும், புதிதாக வருவோருக்கு அலுவலகக் காரியங்களில் துணை நிற்பவருமான நம் உறுப்பினர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

மதுரை: வணக்கம் அக்கா. வருகிற தை மாதம் எனக்குத் திருமணம். அவர் ஜெர்மானியக் கிறிஸ்தவர், மதம் மாறவில்லை. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பிறகு பதிவு செய்துகொண்டால் விசாவுக்குப் போதுமா?

பதில்: இதைத் திருமணத்துக்கு முன்பே கேட்டது நல்லது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும் என்பதால், உங்கள் கோயில் திருமணத்தை அச்சட்டப்படி பதிய முடியாது. உங்களுக்குரியது 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதன்படி இருவரில் ஒருவர், அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் குறைந்தது 30 நாட்கள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். நீங்கள் மதுரையிலேயே இருப்பதால் அது நிறைவேறிவிடும். அறிவிப்பு வெளியான பின் ஆட்சேபணைக்காக 30 நாட்கள் காத்திருந்து, அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதங்களுக்குள், மூன்று சாட்சிகளோடு மணந்துகொள்ள வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதலில் கோயில், பிறகு பதிவு என்று வைத்துக்கொள்வோரும் உண்டு. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்தப் பிரிவில் இருவருமே 30 நாட்கள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். மூன்று வார விடுப்பில் வருகிற மாப்பிள்ளைக்கு அது எப்படிச் சாத்தியம்? ஆகவே, பதிவுத் திருமணத்தை முதலில் முடித்துவிட்டு, தாலியை நல்ல முகூர்த்தத்தில் கட்டிக்கொள்ளுங்கள். அவருக்குத் திருமணத் தடை ஏதுமில்லை என்பதற்கான சான்றிதழை அவர் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் இப்போதே வாங்கச் சொல்லுங்கள். அது ஆறு மாதமே செல்லும்.

திருச்சி: எங்கள் சான்றிதழ்கள் அனைத்துக்கும், அவற்றை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தருவதாக ஒரு முகவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இந்தியா 2005இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபணை தெரிவித்தது. எனவே இந்திய அப்போஸ்டில் முத்திரை ஜெர்மானிய அலுவலகங்களில் செல்லாது. அதற்கு மாற்றாக, ஆவணம் உண்மையானதா என்று ஜெர்மானியத் தூதரகமே உள்ளூர் வழக்கறிஞர் மூலம் விசாரிக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்; செலவும் நம்முடையது. விசாரிக்க வருபவர் பிறப்புப் பதிவேட்டையும் பள்ளிப் பதிவேட்டையும் பார்ப்பார் என்பதால், பெயரிலோ தேதியிலோ ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். பழைய பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது, இருந்தால்தான் பயன். மூல ஆவணங்களை எந்த முகவரிடமும் விட்டுவைக்காதீர்கள். இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

கோவை: நான் பொறியியல் பட்டதாரி, என் மனைவி ஜெர்மானியர். ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன். எனக்கும் ஏ1 எனப்படும் தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வு வேண்டுமா?

பதில்: வேண்டும், தம்பி. 2007 முதல் துணைவர்களுக்கு இந்த நிபந்தனை இருக்கிறது. பட்டதாரிகளுக்கு விலக்கு அளிக்கும் வழி சட்டத்தில் உண்டு என்றாலும், அது அதிகாரியின் கணிப்பைப் பொறுத்தது. அதை நம்பி உட்கார்ந்திருப்பதைவிடத் தேர்வை எழுதிவிடுவது விரைவானது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. சென்னையில் ஜெர்மன் மொழி நிலையமான மேக்ஸ் முல்லர் பவனில் எழுதலாம். உங்கள் மனைவி இத்தாலியராகவோ பிரெஞ்சுக்காரராகவோ இருந்து ஜெர்மனியில் வேலை பார்த்திருந்தால் இந்தத் தேர்வே தேவைப்பட்டிருக்காது. தன் குடிமக்களின் துணைவருக்கே கடுமை காட்டும் விசித்திரம் அது.

சேலம்: இணையத்தில் ஒரு நிறுவனம் ஏ1 வகுப்பு நடத்திச் சான்றிதழ் தருகிறது. அது போதுமா?

பதில்: போதாது. வகுப்பில் அமர்ந்ததற்கான சான்று வேறு, அங்கீகரிக்கப்பட்ட தேர்வில் தேறியதற்கான சான்று வேறு.

தூத்துக்குடி: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் போய், டென்மார்க்கில் மணந்துகொண்டு, அப்படியே ஜெர்மனியில் தங்கிவிடலாம் என்று என் வருங்காலக் கணவரின் நண்பர் சொல்கிறார். இத்தனை காகிதங்களும் தேவையில்லையாமே?

பதில்: டென்மார்க்கில் செய்துகொண்ட திருமணத்தை ஜெர்மனி ஏற்கும். அங்கே ஆவணங்களும் குறைவு, நாட்களும் குறைவு என்பதெல்லாம் உண்மை. ஆனால் மணப்பது ஒன்று, தங்குவது வேறொன்று. நீண்டகாலம் வாழ வருபவர் அதற்கான தேசிய விசாவோடுதான் நுழைய வேண்டும் என்பது பொது விதி. ஜெர்மனிக்குள் கடைசியாக நுழைந்த பிறகு தங்கும் உரிமை பிறந்திருந்தால் உள்ளிருந்தே விண்ணப்பிக்கச் சில நேரம் இடமுண்டு. டென்மார்க்கில் மணந்து திரும்புகிறவரோ மணமான பிறகு நுழைகிறார். இப்படிப்பட்ட வழக்கு 2010இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை சென்று, அத்தகைய குறும்பயணம் விசா கடமையிலிருந்து விடுவிக்காது என்றே முடிந்தது. எப்படிப் போனாலும் ஏ1 தேர்வும் உங்களைத் தொடரும்.

தூத்துக்குடி (மீண்டும்): என் பெரியம்மா மகள் அப்படித்தான் போனாள். இன்றும் பெர்லினில் நன்றாகவே இருக்கிறாள்.

பதில்: இருக்கலாம். அவரிடம் என்ன ஆவணங்கள் இருந்தன, எந்த ஆண்டு போனார், எந்த அலுவலர் கோப்பைப் பார்த்தார் என்பதெல்லாம் தெரியாமல், அவருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. திரும்பிப் போகச் சொல்லப்பட்டு, சென்னைக்கு வந்து, தேர்வு எழுதி, வரிசையில் கடைசியில் நின்றவர்களுக்கும் நான் துணை நின்றிருக்கிறேன். அவர்கள் தங்கள் கதையைச் சொந்தக்காரர்களிடம் சொல்வதில்லை.

சென்னை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். கர்ப்பம், உடல்நலக் குறைவு போன்ற நிலைகளில் உள்ளிருந்தே அனுமதி கொடுத்திருக்கிறார்களே?

பதில்: கொடுத்திருக்கிறார்கள், ஐயா. திருப்பி அனுப்புவது நியாயமற்ற துன்பமாகும் என்றால் விசா நடைமுறையைத் தளர்த்த அதிகாரிக்கு உரிமை உண்டு. அந்த விலக்கு இடையில் நேர்ந்துவிட்ட துன்பத்துக்கானது. அதையே திட்டமாக வைத்துக்கொண்டு விமானம் ஏறுவதற்கானதன்று. சுற்றுலா விசா விண்ணப்பத்தில், காலம் முடியும் முன் வெளியேறுவேன் என்று கையெழுத்திடுகிறோம். குடியேறும் எண்ணத்தோடு அதில் கையெழுத்திட்டால் அது பொய். பின்னாளில் கோப்பு திறக்கப்படும்போது அந்தப் பொய் மணப்பெண்ணின் பெயரில்தான் நிற்கும். யோசனை சொன்ன நண்பரின் பெயர் எங்கும் இராது. இதற்குமேல் இந்த விவாதத்தை இங்கே நீட்டப்போவதில்லை.

ஈரோடு: நானும் என் துணைவரும் ஆண்கள். இந்தியாவில் மணக்க வழியில்லை. என்ன செய்வது?

பதில்: ஜெர்மனியில் 2017 முதல் உங்கள் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு உண்டு. அங்கே சென்று மணப்பதற்கென்றே தனி தேசிய விசா இருக்கிறது. துணைவர் தம் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் திருமணத்துக்குப் பதிந்து, அதற்கான உறுதியைப் பெற்று அனுப்ப வேண்டும். ஏ1 சான்றிதழ் இதற்கும் தேவை.

நாகர்கோவில்: நான் செவிலியர். அங்கே என் படிப்பை ஏற்பார்களா?

பதில்: அது என் துறையன்று. தகுதி ஏற்பு மாநிலத்துக்கு மாநிலம் தனி அலுவலகத்தில் நடக்கிறது. கணவர் வசிக்கும் மாநிலத்தின் அலுவலகத்தில் கேளுங்கள்.

வேலூர்: அக்கா, கணவர் ஜெர்மானியர் என்றால் ஏ1 தேவையில்லைதானே?

பதில்: கோவைத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: அவர் சம்பாதிக்கிறார், நான் எதையும் தனியாக ஏற்பாடு செய்யத் தேவையில்லை என்கிறார். சரிதானா?

பதில்: சரியன்று, சகோதரி. அவர் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் வசிப்பு அனுமதி திருமணத்தில் தொங்குகிறது. ஜெர்மனியில் மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகே, மணமுறிவு நேர்ந்தாலும் தங்கும் தனி உரிமை பொதுவாகக் கிடைக்கும். வீட்டு வன்முறை போன்ற கொடுமைகளில் அந்தக் காலம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெண்களுக்கான உதவி எண் 116 016ஐ இப்போதே கைப்பேசியில் பதிந்துவையுங்கள். வசிப்பு அனுமதி கிடைத்தவுடன் வேலை செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

கிளம்புவதற்குமுன் உங்கள் பெயரில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்குரிய என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். கணவருடைய மருத்துவக் காப்பீடு அரசுசார் வகையா, தனியார் வகையா என்று கேளுங்கள். முதல் வகையில் வருமானமில்லாத மனைவியைச் சந்தா இல்லாமல் சேர்க்கலாம். தனியார் வகையில் உங்களுக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துச் செல்லுங்கள். குடியேறிய பின் அது ஆறு மாதமே செல்லும்; பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு.

காரைக்குடி: மகளுக்கு நகை, நெய், ஊறுகாய், கருவாடு எல்லாம் கொடுத்தனுப்ப நினைக்கிறேன். தடை உண்டா?

பதில்: அம்மா, நெய்யும் பால்கோவாவும் ஆட்டுக்கறி ஊறுகாயும் வேண்டாம், வெளியிலிருந்து வரும் பால், இறைச்சிப் பண்டங்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவர முடியாது. கருவாட்டுக்குத் தடையில்லை, 20 கிலோ வரை போகலாம், மணம் வெளியே வராமல் கட்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். காயவைத்துப் பொடித்துக் கொடுத்துவிடுங்கள்.

நகைக்குச் சென்னை விமான நிலையச் சுங்கத்தில் புறப்படும்போதே ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். பின்னாளில் அதே நகையோடு ஊருக்கு வரும்போது வரி கேட்காமல் இருக்க அதுவே ஆதாரம். ஜெர்மனிப் பக்கம், மணமாகிக் குடிபெயர்வோரின் சீருக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்னதிலிருந்து நான்கு மாதம் பின்னது வரையிலான காலத்துக்குள் கொண்டுவர வேண்டும். விசா அதற்குள் வராது போலிருந்தால் நகையை உங்கள் பெட்டகத்திலேயே வைத்துவிட்டு, நெடுநாள் அணிந்தவற்றை மட்டும் மகளோடு அனுப்புங்கள்.