பாதியில் நின்ற மாடி அறை: கொடுத்த பணத்தில் எவ்வளவு திரும்பக் கேட்கலாம்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என் வீட்டு மொட்டை மாடியில் குளியலறையுடன் கூடிய ஓர் அறை கட்டுவதற்காக, பொருள், கூலி இரண்டும் சேர்த்து 6,40,000 ரூபாய்க்கு ஒரு காண்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைத்தேன். அவரே வெள்ளைத் தாளில் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட எஸ்டிமேட் மட்டுமே என்னிடம் இருக்கிறது. வங்கி மூலம் 2,50,000, கைப்பேசிச் செயலி மூலம் 1,20,000, ரொக்கமாக 80,000 என இதுவரை 4,50,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். சுவர் எழுப்பித் தளம் போட்டதோடு சரி. பூச்சு, தரை, வயரிங், குழாய், கதவு, ஜன்னல் எதுவும் நடக்கவில்லை. ஐந்து மாதங்களாக ஆள் வரவில்லை. "அடுத்த வாரம் வேலையைத் தொடங்கிவிடுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர், இப்போது போனையே எடுப்பதில்லை. மீதி வேலையை முடித்துத் தர வேறொரு மேஸ்திரி 3,30,000 ரூபாய் கேட்கிறார். நாளைக்கே தொடங்கவும் தயாராக இருக்கிறார். கொடுத்த பணம் முழுவதையும் நான் திரும்பப் பெற முடியுமா? காண்ட்ராக்டர் விட்டுச் சென்ற சென்ட்ரிங் பலகைகளையும் ஜாக்கிகளையும் விற்று ஈடுகட்டிக்கொள்ளலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதல் வேலையாக, புதிய மேஸ்திரியிடம் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் வழக்கின் மிகப் பெரிய சாட்சி அந்த மாடியில் இப்போது நிற்கும் அரைகுறைக் கட்டடம்தான். அதன் மீது புதுப் பூச்சு ஏறிவிட்டால், முந்தையவர் எதுவரை செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதைப் பிறகு யாராலும் அளந்து சொல்ல முடியாது. என்னிடம் இத்தகைய சிக்கல்களுடன் வருபவர்களில் பலர், கோபத்திலும் அவசரத்திலும் வேலையை முடித்துவிட்டு, அதன் பின்னரே ஆவணங்களைத் தேடத் தொடங்குகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தும் தொகையை நிரூபிக்க முடியாமல் தவிப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

உள்ளாட்சி அமைப்பில் பதிவு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து, முடிந்த வேலையின் அளவு, அதன் மதிப்பு, செய்த வேலையில் உள்ள குறைகள், எஸ்டிமேட்டில் கண்டபடி மீதியை முடிக்க ஆகும் செலவு ஆகிய நான்கையும் தனித்தனியே குறிப்பிட்டு, தேதியிட்ட படங்களுடன் அறிக்கை வாங்குங்கள். அளவெடுக்கும் நாளைக் காண்ட்ராக்டருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அவரையும் வரச் சொல்லுங்கள். அவர் வந்தால் கூட்டாக அளந்ததாகிறது. வராவிட்டால், தனக்குத் தெரியாமல் அளந்துவிட்டார்கள் என்று பின்னர் சொல்ல அவருக்கு வழியில்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 4,50,000 ரூபாய் முழுவதும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர் எழுப்பிய சுவரும் தளமும் உங்களிடமே இருப்பதால், அவற்றின் மதிப்பைக் கழிக்காமல் எந்த மன்றமும் உத்தரவிடாது. இழப்பை இரண்டு வழிகளில் கணக்கிடலாம். பொறியாளர் அறிக்கைப்படி முடிந்த வேலையின் மதிப்பு 3,20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் அதிகமாகக் கொடுத்தது 1,30,000 ரூபாய். மற்றொரு வழியில், மீதி வேலைக்கு இப்போது ஆகும் 3,30,000 ரூபாயிலிருந்து, ஒப்பந்தப்படி நீங்கள் இன்னும் கொடுக்க வேண்டியிருந்த 1,90,000 ரூபாயைக் கழித்தால், அவர் விட்டுச் சென்றதால் உங்களுக்கு ஏற்படும் கூடுதல் செலவு 1,40,000 ரூபாய். இவற்றில் ஒன்றைத்தான் கேட்க முடியும். இரண்டையும் கூட்டிக் கேட்டால் ஒரே இழப்பை இரண்டு முறை கேட்டதாகிவிடும். என் கருத்தில் இரண்டாவது கணக்கே உங்களுக்கு உகந்தது, ஏனெனில் ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவருவதுதான் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவின் நோக்கம். வீட்டைப் பழுதுபார்க்க முன்பணம் பெற்றவர் ஒப்பந்தப்படி செய்யாமல் விட்டால், அந்த வேலையை ஒப்பந்தத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் செலவை அவரிடம் வீட்டுக்காரர் வசூலிக்கலாம் என்று அந்தப் பிரிவே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. ஆனால் மேஸ்திரி சொன்ன 3,30,000 ரூபாயில் எஸ்டிமேட்டில் இல்லாத உயர்ரக டைல்ஸோ கூடுதல் அலமாரியோ சேர்ந்திருந்தால், அந்தத் தொகையை நீங்களே நீக்கிவிடுங்கள். இழப்பைக் குறைக்க நியாயமாகச் செய்யக்கூடியதை நீங்களும் செய்திருக்க வேண்டும் என்று அதே பிரிவு எதிர்பார்ப்பதால், இன்னும் ஒன்றிரண்டு பேரிடம் விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொள்வதும் உதவும். இந்தத் தொகைக்கு மேல், மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் தனியாகக் கேட்கலாம்.

முத்திரைத்தாள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அது சரிசெய்யக்கூடிய குறைபாடுதான். ஒப்பந்தமே இல்லாமல் போய்விடாது. அவருடைய கையெழுத்து, உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்திகள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் போதிய பலம் உண்டு. அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள், கைப்பேசியையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது, 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்த 80,000 ரூபாய்தான் பலவீனமான இடம். அந்த நாளில் வங்கியிலிருந்து பணம் எடுத்த பதிவு, உடனிருந்தவரின் சாட்சியம், "பணம் வந்தது" என்பது போன்ற ஏதேனும் ஒரு செய்தி இவற்றைத் தேடிப் பாருங்கள்.

பலகைகளையும் ஜாக்கிகளையும் விற்கவே விற்காதீர்கள். அவை காண்ட்ராக்டருடையவையாக இருக்கலாம். வாடகைக்கு எடுத்தவையாக இருந்தால் கடைக்காரருக்குச் சொந்தமானவை. விற்றால், இழப்புக்கு உள்ளான நீங்களே திருட்டுப் புகாருக்குப் பதில் சொல்ல நேரிடும். எண்ணிப் படமெடுத்து வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட தேதிக்குள் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லுமாறு நோட்டீஸிலேயே எழுதுங்கள்.

அந்த நோட்டீஸை வழக்கறிஞர் வழியாகவும் அனுப்பலாம், நீங்களே எழுதியும் அனுப்பலாம். ஒப்பந்த விவரம், கொடுத்த தொகைகள், நின்றுபோன நாள், பொறியாளரின் கணக்கு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதினைந்து நாட்களுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் அல்லது தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு, ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். வசைச் சொற்களும் மிரட்டலும் அதில் வேண்டாம். நாளை அதைப் படிக்கப் போகிறவர் ஒரு நீதிபதி.

பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்களுக்கு ஏற்ற இடம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வீடு கட்டித் தருவதைச் சேவை என்றே வரையறுக்கிறது. காண்ட்ராக்டர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அது 5 லட்சத்தைத் தாண்டாததால் உங்களுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. பணம் கொடுத்த சான்றுகள், நோட்டீஸ், பொறியாளரின் அறிக்கையும் அவருடைய உறுதிமொழிப் பத்திரமும் புகாருடன் இருக்கட்டும். எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் அவகாசம் தரலாம், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. மூன்று மாதங்களில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீள்வதே வழக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். "அடுத்த வாரம் வருகிறேன்" என்ற வாய்ப்பேச்சுகள் இந்தக் காலத்தை நிறுத்திவைக்காது. ஐந்து மாதங்கள் ஏற்கெனவே போய்விட்டன.

உத்தரவு கிடைத்தாலும் பணம் தானாகக் கைக்கு வந்துவிடாது. உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றக் கோரலாம் என்கிறது 71ஆவது பிரிவு. உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 72ஆவது பிரிவு. நீங்கள் பணம் அனுப்பிய அவருடைய வங்கிக் கணக்கு எண், அவருடைய வாகனத்தின் பதிவு எண், நிலையான முகவரி ஆகியவற்றை இப்போதே குறித்து வையுங்கள். ஜப்தி கோரும் நாளில் அவையே கைகொடுக்கும்.

கேள்வி: கழிவறையைப் புதுப்பிக்க 95,000 ரூபாய் முன்பணம் வாங்கிய பிளம்பர், பழைய டைல்ஸை உடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது சரியா? (ஒரு வாசகர்)

பதில்: பெரும்பாலும் சரி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு கூறும் மோசடிக் குற்றத்துக்கு, பணம் வாங்கிய அந்த வேளையிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தை மீறியது மட்டுமே மோசடி ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கியிருக்கிறது. உங்கள் பிளம்பர் வேலையைத் தொடங்கியிருப்பதால், அந்த எண்ணத்தை நிரூபிப்பது கடினம். அவர் கொடுத்த முகவரி பொய், அல்லது இதே முறையில் பலரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர் என்று தெரியவந்தால் நிலைமை மாறும். அப்போது எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தொகைக்கு, வட்டச் சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுப்பதை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். அதற்குக் கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பை அழைத்துப் பேசி, லோக் அதாலத்தில் சமரசம் ஏற்பட்டால் அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல்முறையீடும் கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மேலே எழுதிய வாசகியும் இந்த அலுவலகத்தை அணுகலாம். தினக்கூலிக்கு ஆளமர்த்தி, உங்கள் மேற்பார்வையில் நீங்களே வேலை வாங்கியிருந்தால், அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்று கருதப்பட்டு நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்கு வெளியே போய்விடலாம். அப்போது உரிமையியல் நீதிமன்றமே வழி. அங்கே காலக்கெடு மூன்று ஆண்டுகள்.

கேள்வி: பேச்சுவார்த்தைக்குப் பிறகு தச்சர் 60,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். அது பணமில்லாமல் திரும்பிவிட்டது. (ஒரு வாசகி)

பதில்: செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவு உங்களுக்குப் பொருந்தும், ஆனால் நாட்களைத் தவறவிடக் கூடாது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூல நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்து 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். எந்த வேலைக்காக, எந்தக் கணக்கைத் தீர்க்க அந்தக் காசோலை தரப்பட்டது என்பதை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அந்தத் தாளையும், வங்கி தந்த திருப்பிய குறிப்புச் சீட்டையும் அசலாகவே பத்திரப்படுத்துங்கள்.