உயிரியலா, கணினியா என்று அவளைக் கேட்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

உயிரியல், கணினி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி உங்கள் மகளிடம் என்னைச் சொல்லச் சொன்னீர்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்குப் பிடித்த இரண்டும் இன்று ஒரே வேலையின் இரண்டு கைகள்: உயிர்களின் மரபுத் தகவலைக் கணினி கொண்டு ஆராயும் வேலை.

மனித ஜீனோமில், அதாவது நம் முழு மரபுத் தகவலில், ஏறத்தாழ 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அதைப் படிக்கும் பன்னாட்டுத் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல்தான் முடிந்தது. விட்டுப்போன பகுதிகளை நிரப்ப 2022 ஆயிற்று. இன்று ஒருவருடைய ஜீனோமைச் சில நாட்களில் படித்துவிடலாம். படித்ததற்குப் பொருள் காண்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொருவரிடமும் லட்சக்கணக்கான மாறுபாடுகள் இருக்கும். நோய்க்குக் காரணம் அவற்றில் ஒரே ஒரு எழுத்தாகவும் இருக்கலாம். சல்லடை போட்டுச் சலிக்கக் கணினி வேண்டும். சிக்கியது அதுதானா என்று சொல்ல உயிரியல் தெரிந்த ஆள் வேண்டும்.

2024 வேதியியல் நோபலைப் பாருங்கள். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருளுக்காகப் பரிசு பெற்றவர்களில் ஒருவரான டெமிஸ் ஹசாபிஸ் முதலில் படித்தது கணினி அறிவியல், பிறகு மூளை அறிவியல். ஆனால் அந்த மென்பொருள் கற்றுக்கொண்டது, 1971 முதல் ஆய்வகங்களில் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து சேர்த்துவைத்த புரத வடிவங்களிலிருந்து. ஆய்வக உழைப்பு இல்லாமல் அது இல்லை.

சரி, என்ன படிக்கலாம்? இளநிலையில் உயிரியலையே ஆழமாகப் படிக்கட்டும். கூடவே புள்ளியியலை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்; பைத்தான் என்ற நிரல்மொழியைவிட அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். நிரல் எழுதப் பிறகும் பழகலாம், தற்செயலையும் காரணத்தையும் பிரித்தறியும் கண் மெதுவாகத்தான் வரும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: இந்தத் துறையில் நல்ல வேலைகள் பலவற்றுக்கு முதுநிலைப் படிப்பாவது வேண்டும். அத்தனை ஆண்டுகள் காத்திருக்கக் குடும்பத்தால் முடியுமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

மனிதர்களோடு பேசப் பிடிக்குமென்றால் மரபணு ஆலோசகர் வேலையும் இருக்கிறது. ஒருவருடைய பரிசோதனை முடிவு அவரோடு நிற்பதில்லை. அக்கா தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே செய்தி சொல்கிறது. அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை எந்த மென்பொருளிடமும் விட முடியாது.

இந்த வாரமே ஒன்று செய்யலாம். கொரோனா வைரஸின் ஜீனோம் சுமார் 30,000 எழுத்துகள்தான். மரபுத் தகவல்களைச் சேர்த்துவைக்கும் ஜென்பேங்க் (GenBank) தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில், வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய உதவும் கூர்முனைப் புரதத்துக்கான (spike) பகுதி எங்கே தொடங்குகிறது என்று தேடச் சொல்லுங்கள். அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். என்ன பார்த்தாள் என்று அவளே சொல்லட்டும்.