மகளுக்கு லேப்டாப்: 8 ஜிபி, 16 ஜிபி, 32 ஜிபி... எதற்குப் பணம் கொடுப்பது?

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். வீட்டுச் செலவு 28,000 ஆகிறது, சீட்டுக்கு 3,000 கட்டுகிறேன். வங்கியில் 85,000 இருக்கிறது. மகள் இந்த வருடம் இன்ஜினீயரிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் கடையில் 8 ஜிபி மெமரி உள்ளது 44,000, 16 ஜிபி 51,000, 32 ஜிபி 78,000 என்கிறார்கள். "நாலு வருஷப் படிப்பு, 32 எடுத்துடுங்க, வட்டியில்லாத தவணை இருக்கு, மாசம் 6,500தான்" என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: 16 ஜிபி வாங்குங்கள். முழுப் பணத்தையும் கட்டி வாங்குங்கள். ஆனால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

மெமரி என்றதும் பலர் 512 ஜிபி என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அது சேமிப்பு இடம், வீட்டுப் பரண் மாதிரி. நாம் பேசும் மெமரி, அதாவது ரேம், சமையல் மேடை. மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பரணுக்கு ஏறி இறங்க வேண்டும். கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்யும். ரேம் போதாதபோது பரண் மாதிரியான அந்தச் சேமிப்பில் (எஸ்எஸ்டி) இடம் தேடி ஓடும், நமக்கு எல்லாம் மெதுவாகத் தெரியும்.

விண்டோஸ் 11 ஓடக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. ஓடும், அவ்வளவுதான். நடைமுறையில் எதையும் திறக்காமல் வைத்திருந்தாலே 3, 4 ஜிபி போய்விடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான வேலைக்கும் இதே ரேமிலிருந்துதான் ஒரு பங்கு போகும். மீதி இடத்தில் பிரவுசர், பாடக் குறிப்பு, ஆன்லைன் வகுப்பு, கோடிங் மென்பொருள் எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் மகள் ஆண்ட்ராய்டு ஆப் செய்து பழக எமுலேட்டரை, அதாவது லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போனை ஓட்டிக் காட்டும் மென்பொருளைத் திறந்தால் 8 ஜிபி திணறும்.

சில வருடம் முன்பு வரை நானே, "8 வாங்குங்கள், தேவைப்பட்டால் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்றுதான் சொல்லி வந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. மெமரி சிப் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு க்ரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பிறகு மலிவாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் இன்று 7,000 ரூபாயை மிச்சம் பிடிப்பது சரியான கணக்கு இல்லை. அந்த 7,000-ஐ 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 146 ரூபாய் வருகிறது. தயங்காமல் கொடுக்கலாம்.

நிறுவனங்களும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கின்றன. ஏஐ வசதியுள்ள விண்டோஸ் லேப்டாப்புக்குக் கோபைலட் பிளஸ் என்று பெயர் வைக்க 16 ஜிபியாவது வேண்டும் என 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நிபந்தனை வைத்தது. அதே வருடம் அக்டோபரில் ஆப்பிள், மேக்புக் ஏரின் ஆரம்ப மாடலை விலை ஏற்றாமல் 8-லிருந்து 16 ஆக்கியது.

அப்படியானால் 32? பெரிய வீடியோ எடிட்டிங், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்), ஏஐ மாடல்களை சொந்த லேப்டாப்பிலேயே ஓட்டுவது, இதெல்லாம் செய்பவர்களுக்கு அது தேவை. முதல் வருட மாணவிக்குத் தேவையில்லை. மெஷின் லேர்னிங் பாடம் வந்தாலும், கூகுள் கோலாப் என்ற இணையதளத்தில் இலவசமாகவே பயிற்சி செய்யலாம். அங்கே ஓடுவது கூகுளின் கம்ப்யூட்டர், உங்களுடையது இல்லை.

அந்தத் தவணைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். உங்கள் செலவும் சீட்டும் போக மாதம் 7,000 நிற்கிறது. 6,500 தவணை கட்டினால் மிஞ்சுவது 500. ஒரு காய்ச்சல் வந்தால்கூடத் தாங்காது. அப்புறம், வட்டியில்லாத தவணை என்று எதுவும் கிடையாது. பூஜ்ய வட்டி என்பதே இல்லை என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கார்டு தவணையில் பெரும்பாலும் வங்கி வட்டி போடும், அந்த அளவுக்குக் கடையிலோ கம்பெனியிலோ விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். அப்படிக் குறைத்த பிறகு 12 மாதத்தில் மொத்தம் 78,000 கட்டும் தவணைக்கு 16 சதவீத வட்டி என்று வைத்தால், அதில் வட்டி மட்டும் சுமார் 6,360 வரும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 1,145 ரூபாய், உங்கள் தலையில். பிராசசிங் கட்டணம் தனி. தவணைக்குக் குறைக்க முடிந்த விலையை ரொக்கத்துக்கும் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி கடையில் பார்க்க வேண்டியது. ஓடிக்கொண்டிருக்கும் டெமோ லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. கீழே எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்), அதில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால் உங்களுக்கு நல்லது. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருக்கிறது, மூன்றாம் வருடத்தில் தேவைப்பட்டால் இன்னொரு 16 போட்டு 32 ஆக்கலாம் என்று அர்த்தம். இரண்டு 8 ஸ்டிக்காக இருந்தால் கொஞ்சம் வேகம் கூடும், ஆனால் 32 ஆக்கும்போது இரண்டையும் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

சில மெல்லிய மாடல்களில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுவார்கள், அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிடுவார்கள். என் தம்பி மகனுக்கு 2021-ல் அப்படி ஒன்றைத்தான் வாங்கினோம், 8 ஜிபி. இரண்டு வருடம் கழித்து ரேம் கூட்டலாம் என்று சர்வீஸ் கடைக்குப் போனோம். பின் மூடியைக் கழற்றிய பையன் டார்ச் அடித்து, போர்டோடு ஒட்டியிருந்த கறுப்புச் சிப்புகளைக் காட்டினார். "இதுல ஸ்லாட்டே இல்லீங்க" என்றார். அப்படியே மூடி எடுத்து வந்தோம். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஸ்லாட் இருக்கிறதா, நாமே ரேம் போட்டால் வாரன்டி நிற்குமா என்று கம்பெனி சேவை எண்ணில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

51,000 போனால் வங்கியில் 34,000 இருக்கும், ஒரு மாதச் செலவுக்குச் சற்று மேலே. போதாதுதான். தவணைக்குப் போகாமல் தப்பித்த அந்த 6,500-ல் மாதம் 4,000-ஐ ஒரு ஆர்.டி.யில் போட்டால் வருடத்தில் 48,000 சேர்ந்துவிடும், வட்டி தனி. மூன்றாம் வருடத்தில் மகள் "அம்மா, ரேம் போதலை" என்று சொன்னால் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.