மூச்சும் பசியும் மூத்திரமும்: ரீச்சரிடம் கேளுங்கள்

(திருகோணமலையில் பல காலம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகன் சங்கு குளிக்கப் போகிறவன். இறங்க முன்னம் தோணியில் நின்று விறுவிறுவென்று பலதரம் மூச்சை இழுத்து விடுகிறான். அப்படிச் செய்தால் கூடநேரம் அடியில் நிற்கலாமாம். உண்மையா?
– மூதூரிலிருந்து ஒரு தாய்

பதில்: உண்மைதான் அம்மா. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும்போது ஒரு கட்டத்தில் நெஞ்சு முட்டி, “இனி ஏலாது” என்று வருமே, அது ஒட்சிசன் குறைந்ததால் வருவதில்லை. குருதியில் காபனீரொட்சைட்டு கூடியதால் வருவது. மூளையின் அடியில் உள்ள நீள்வளைய மையவிழையம்தான் மூச்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அது முக்கியமாகக் கவனிப்பது காபனீரொட்சைட்டைத்தான்.

மகன் விறுவிறுவென்று மூச்சு விடும்போது அந்த வாயு அளவுக்கு மிஞ்சி வெளியே போய்விடுகிறது. ஒட்சிசனோ பெரிதாகக் கூடுவதில்லை. சும்மா இருக்கும்போதே சுகதேகியின் ஈமோகுளோபின் (குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருள்) 100க்கு 97, 98 பங்கு ஒட்சிசனால் நிரம்பித்தான் இருக்கும். ஆக, கையிருப்பு கூடவில்லை, எச்சரிக்கை மட்டும் பிந்துகிறது. அவன் ஆறுதலாகச் சங்கு தேடிக்கொண்டிருக்க, தசையும் மூளையும் ஒட்சிசனைச் செலவழித்துக்கொண்டே இருக்கும்.

மேலே வரும்போது இன்னொரு பொல்லாப்பு. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் நுரையீரலில் மிஞ்சிய கொஞ்ச ஒட்சிசனும் குருதிக்குள் போய்க்கொண்டிருக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும், ஒட்சிசன் போவதும் நின்றுவிடும். கடைசிச் சில மீற்றரில், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் மயக்கம் வரும். நல்ல நீச்சல்காரரே இப்படிப் போய்விடுகிறார்கள்.

இயல்பாக மூச்சு விட்டு, இறங்க முன்னம் ஒரு ஆழ்ந்த மூச்சு எடுத்தால் போதும். ஒரு இறக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் நன்றாக இளைப்பாற வேண்டும். தனியே போகவே கூடாது, தோணியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாயால் சொன்னால் பெடியன் கேட்கமாட்டான், இந்தப் பக்கத்தை வெட்டிக் கையில் கொடுங்கள்.

கேள்வி: கந்தசஷ்டி விரதத்தில் பின்னேரம் வயிறு சத்தம் போடுகிறது. வெறும் வயிறு எதைச் சமிக்கிறது? நடக்கச் சக்தி எங்கிருந்து வருகிறது?
– உப்புவெளி, சாதாரண தர மாணவி

பதில்: எதையும் சமிக்கவில்லை பிள்ளை, சுத்தம் செய்கிறது. சாப்பாடு இல்லாத நேரத்தில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசிவரை தசைகள் வரிசையாகச் சுருங்கி, மிச்சம்மீதியையும் பக்ரீரியாவையும் கீழே தள்ளும். உள்ளே இருப்பது காற்றும் நீரும்தான், அதனால்தான் அந்தச் சத்தம். கோயிலில் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டாலும் வெட்கப்பட வேண்டாம், அவருக்கும் அதே நிலைதான்.

சக்தி முதலில் ஈரலில் இருக்கும் கிளைக்கோசனிலிருந்து, அதாவது சேமித்து வைத்த குளுக்கோசிலிருந்து வருகிறது. அது சுமார் 100 கிராம், கிட்டத்தட்ட ஒரு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் பெரும்பாலும் கொழுப்புத்தான். தசைகளில் ஈரலைவிடக் கூடக் கிளைக்கோசன் இருக்கிறது. ஆனால் தசை தன் பாட்டுக்குத்தான் செலவழிக்கும், குருதிக்கு ஒரு துளி குளுக்கோசும் கொடுக்காது.

கேள்வி: கச்சான் காலத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். அவ்வளவாக வியர்ப்பதில்லை, ஆனால் மூத்திரம் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறது. சிறுநீரகத்தில் பிழையோ?
– அன்புவழிபுரம் வாசகர்

பதில்: வியர்க்கிறது தம்பி. கச்சான் வறண்ட காற்று, வியர்வையை வந்த உடனே காயவைத்துவிடுகிறது. பின்னேரம் சேட்டைக் கழற்றி முதுகுப் பக்கம் பாருங்கள், உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் குருதியிலிருந்து சுமார் 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. கிட்டத்தட்ட ஒன்றரை லீற்றர்தான் வெளியே போகிறது, மிச்சம் திரும்ப உடம்புக்கே. நீர் குறைந்தால் மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பியிலிருந்து வரும் ஓமோன் இன்னும் கொஞ்சத்தை மறிக்கச் சொல்லும். அதுதான் அந்த நிறம். சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, நீங்கள்தான் தண்ணீர் குடிக்கவில்லை. ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரைக் குறைக்கும் ஆட்டோக்காரரை எனக்குத் தெரியும், அது வேண்டாம். நன்றாகக் குடித்தும் இரண்டு நாளில் நிறம் மாறாவிட்டால், அல்லது கடுப்போ கண்ணில் மஞ்சளோ இருந்தால், நேரே டொக்டரிடம் போங்கள்.